பக்கம் மாறிய சொல்

“டீச்சர், ரிலீஸ் என்றால் என்ன?”

கேட்டவருக்கு அறுபத்தோரு வயது. வெள்ளை முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை, கையில் குடை.

அவர் ‘டீச்சர்’ என்று அழைத்தவளுக்கு நாற்பத்தேழு. அவள் ஒரு தலையணை உறையின் மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“யார் சொன்னது?”

“என்னது?”

“அந்தச் சொல்ல யார் சொன்னது, யார்கிட்ட சொன்னது?”

அவர் குடையைக் கை மாற்றிக்கொண்டார்.

“அது தெரியாம அர்த்தம் சொல்ல முடியாதுங்கய்யா. அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க.”

அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

*

அவள் பெயர் பூங்காவனம். மலாயாவில் ஒரு சிறு நகரத்தில், டோபிக் கடையின் பின்கட்டில் குடியிருந்தாள். ஆறு நாள் துணி துவைப்பாள், இஸ்திரி போடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரப்பர் தோட்டத்து ஜனங்கள் காகிதங்களோடு அவளைத் தேடி வருவார்கள். கிளினிக் அட்டை, பிரஜா உரிமை கேட்கும் பாரம், தோட்டத்துக் குமாஸ்தா கிராணி கொடுத்த நோட்டீஸ். எல்லாம் இங்கிலீஷில் இருக்கும்.

யார் வந்தாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான். யார் சொன்னது, யாரிடம் சொன்னது.

சில பேர் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளவும் வந்தார்கள். அவளிடம் பாடப் புத்தகம் இல்லை. அட்டை போன ஒரு டிக்‌ஷனரி இருந்தது. அதில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுப்பாள். ஒரே எழுத்துகளில் ஆரம்பிக்கும் சொற்கள் மேலிருந்து கீழே வரிசையாக இருக்கும்.

“பாத்தா ஒரே வீட்டு ஆளுங்க மாதிரி வாசல்ல நிக்கும்,” என்பாள். “உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும், ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தையே கிடையாதுன்னு.”

அவள் ஜெயிலில் இங்கிலீஷ் படித்தவள் என்று ஊருக்குத் தெரியும். எதற்காக ஜெயிலுக்குப் போனாள் என்பதும் தெரியும். அதைப் பற்றி அவளிடம் யாரும் பேசியதில்லை.

*

வந்தவர் பெயர் சவரிநாதன். முப்பது வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழில் சொன்னதை இங்கிலீஷில் சொல்வார், இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் கேட்பார். வக்கீல்கள்கூட அவருடைய உச்சரிப்பை மெச்சினார்கள். அவருக்கும் அதில் பெருமை இருந்தது.

ஓய்வு பெற்ற அன்று அவருக்கு ஒரு கடிதம் வந்தது. இன்ன தேதியிலிருந்து தாங்கள் பணியிலிருந்து ‘ரிலீவ்’ செய்யப்படுகிறீர்கள் என்று எழுதியிருந்தது.

அந்தச் சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. எந்த வலியிலிருந்து தன்னை விடுவிக்கிறார்கள் என்று நினைத்தார். வீட்டுக்கு வந்ததும் டிக்‌ஷனரியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

அவர் தேடிய சொல்லுக்குச் சில வரிகள் மேலே ‘ரிலீஸ்’ இருந்தது.

அதைப் படித்ததும் அவருக்கு ஒரு பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முந்தைய வழக்கு. மழைக்காலத்தில் ஒரு தோட்டத்து ஆற்றில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று போய்விட்டது. தாய் மரப்பாலத்தின் நடுவில் நின்று குழந்தையை விட்டதை அக்கரையிலிருந்த கங்காணி பார்த்திருந்தான். புருஷன் அவளை விட்டுப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. இதுகளை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பேன் என்று அவள் லயத்து வீட்டில் அழுததற்குச் சாட்சி இருந்தது. அவளுக்கு வக்கீல் இல்லை.

குற்றத்தைப் படித்துக் காட்டினார்கள். நீதிபதி சவரிநாதனைப் பார்த்தார். குழந்தையை இவள் விட்டாளா என்று கேளுங்கள் என்றார்.

அவர் கேட்டார்.

அவள், “விட்டுட்டேன்யா,” என்றாள்.

விட்டுவிட்டேன் என்றால் கை வழுக்கியதாகவும் இருக்கலாம். பிடி நழுவியதாகவும் இருக்கலாம். அவருக்குச் சட்டென்று நாவில் வந்தது ‘ரிலீஸ்’. கோர்ட்டுக்கு ஏற்ற சொல். எடுப்பாக இருந்தது.

“ஐ ரிலீஸ்ட் ஹர், யுவர் ஆனர்.”

நீதிபதி எழுதிக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்று பதிவானது. ஒன்பது வருஷம்.

ஓய்வு பெற்று மூன்று மாதம் அந்தச் சொல் அவரைச் சாப்பிட விடவில்லை. பிறகு ஒரு நாள், சட்டை தைக்கக் கொடுத்த இடத்தில் தையல்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். டோபிக் கடைக்குப் பின்னால் ஒரு அம்மா இருக்கிறது, ஜெயிலிலேயே இங்கிலீஷ் படித்ததாம், பெயர் பூங்காவனம். அன்று கூண்டில் நின்றவளின் பெயரும் அதுதான்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார்.

“சொன்னது ஒரு ஆள். கேட்டது ஒரு நீதிபதி,” என்றார்.

“சொன்ன ஆளுக்கு அர்த்தம் தெரியுமா?”

“தெரியும்னு நெனச்சார்.”

அவள் டிக்‌ஷனரியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினாள்.

“ஆர், இ, எல். அதுல ஆரம்பிக்கிறது எல்லாத்தையும் எழுதிக்கிட்டு வாங்க. அர்த்தத்தோட.”

“எல்லாத்தையுமா? எனக்கு ஒரு சொல்தான் வேணும் டீச்சர்.”

“பக்கத்து வீட்டுக்காரன் யாருன்னு தெரியாம ஒருத்தனப் பத்தி எப்படிச் சொல்றது?”

முப்பது வருஷம் இங்கிலீஷில் பேசியவர், பள்ளிப் பிள்ளை போல ஒரு நோட்டு வாங்கினார். ஒரு வாரம் எழுதினார்.

*

அவர் நோட்டைக் கொண்டுவந்த அன்று சிட்டம்மா என்ற தோட்டத்துப் பெண் உட்கார்ந்திருந்தாள். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கையில் நாலாக மடித்த காகிதம். ரிலொகேஷன் என்று தலைப்பு.

“இது உங்க பக்கத்துச் சொல்தான்,” என்றாள் பூங்காவனம். “நீங்களே சொல்லுங்க.”

சவரிநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “இடமாற்றம்,” என்றார் சிட்டம்மாவிடம்.

சிட்டம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. “வேற வீடு குடுக்கிறாங்களாய்யா?”

அவர் காகிதத்தை மறுபடி படித்தார். வேறு வீட்டைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

“யார் சொன்னது?” என்றாள் பூங்காவனம்.

“தோட்டத்து நிர்வாகம்.”

“யார்கிட்ட?”

அவர் சிட்டம்மாவைப் பார்த்தார். ரப்பர் மரத்தில் பால் சீவிக் கறுத்த விரல்கள். காலில் இரண்டு வகைச் செருப்பு.

“இப்ப அர்த்தம் சொல்லுங்க.”

“வீட்டக் காலி பண்ணணும்மா,” என்றார். “மாசக் கடைசிக்குள்ள.”

சிட்டம்மா காகிதத்தை வாங்கி முதலில் இருந்தது போலவே நாலாக மடித்தாள். வெகுநேரம் மடித்தாள். பிறகு எழுந்து போனாள்.

அன்று பூங்காவனம் அவருடைய நோட்டைத் திறக்கவே இல்லை.

*

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு போயிற்று. அவர் எழுதிவந்த சொற்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

ரெலட்டிவ் என்பதற்கு அவர், ‘உறவினர்’ என்று எழுதியிருந்தார். அதில் அவள் விரல் நின்றது. அர்த்தம் சரியா என்று அவர் கேட்டார். சரிதான் என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினாள்.

ரிலெண்ட் என்பதற்கு அவர், ‘மனம் இளகுதல்’ என்று எழுதியிருந்தார்.

“இந்தச் சொல்ல யாரும் யார்கிட்டயும் சொல்லி நான் கேட்டதில்ல,” என்றாள். “டிக்‌ஷனரியில மட்டும் இருக்கு.”

ரிலீஃப் என்பதற்கு அவர் ஒன்றும் எழுதவில்லை. இடத்தைக் காலியாக விட்டிருந்தார். அவள் அதைப் பார்த்தாள். கேட்கவில்லை.

“டீச்சர், இன்னும் ரிலீஸுக்கு வரலையே?”

“உங்களுக்கு என்ன அவசரம் ஐயா?”

“வயசாகுது.”

“எனக்கும்தான்.”

*

ஏழாவது ஞாயிறு டோபிக் கடையில் துணி மலை போலக் கிடந்தது. ரெஸ்ட் ஹவுஸில் யாரோ பெரிய மனிதர்கள் வந்து தங்கிப் போயிருந்தார்கள். கூட வேலை செய்யும் பெண் காய்ச்சல் என்று வரவில்லை.

“ஐயா, ஒரு கை குடுங்க,” என்றாள் பூங்காவனம்.

பெரிய இரட்டைக் கட்டில் விரிப்பு. நனைந்து கனத்தது. அதைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை அவரிடம் கொடுத்தாள். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு முறுக்கினாள்.

“இறுக்கிப் புடிங்க.”

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிடித்தார். அவள் முறுக்க முறுக்கத் துணி கயிறு போல ஆயிற்று. தண்ணீர் கொட்டியது. அவருடைய விரல்கள் பேனா பிடித்த விரல்கள். துணி உள்ளங்கையில் திருகிக்கொண்டு போயிற்று. அவர் பல்லைக் கடித்தார்.

அவர் பக்கத்து முனை சேற்றில் விழுந்தது.

“விட்டுட்டேன் டீச்சர்,” என்றார்.

அவள் மறுமுனையைப் பிடித்தபடியே நின்றாள்.

“இங்கிலீஷ்ல சொல்லுங்க,” என்றாள்.

அவர் தம் கைகளைப் பார்த்தார். சிவந்திருந்தன. பிறகு கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“டீச்சர், நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது.”

“துணிய எடுங்க ஐயா. மறுபடியும் அலசணும்.”

இரண்டு பேரும் அலசினார்கள். மறுபடி பிழிந்தார்கள். இந்தத் தடவை அவர் முனையை முழங்கையில் சுற்றிக்கொண்டார். கொடியில் விரித்துப் போட்டு, மரக் கவ்விகளை மாட்டி, கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவள் பேசினாள்.

“முத நாளே தெரியும். மூஞ்சி மறந்துபோச்சு. குரல் மறக்கல. அன்னைக்கு அந்தக் கோர்ட்டுல எனக்குப் புரிஞ்ச குரல் உங்களுது ஒண்ணுதான்.”

*

அவர் அழுதார். அவள் அழ விட்டாள்.

“அந்தச் சொல் தப்பும்மா,” என்றார். டீச்சர் என்று சொல்ல மறந்திருந்தார். “கை வழுக்கிருச்சுன்னு நான் சொல்லியிருக்கணும். லாஸ்ட் ஹோல்டுன்னு சொல்லியிருக்கலாம். எத்தனையோ சொல் இருக்கு. நான் ரிலீஸ்னு சொல்லிட்டேன். வேணும்னே விட்ட மாதிரி ஆயிருச்சு. ஒரு சொல்லு. ஒம்போது வருஷம்.”

“சொல் சரிதான்,” என்றாள்.

“சரியா?”

“கை வழுக்கல. நானாத்தான் விட்டேன். விரலத் தொறந்து விட்டேன். நீங்க சொன்னது சரியான சொல்.”

ஒரு நொடி அவருக்கு நெஞ்சு லேசானது. அந்த ஒரு நொடிக்காக அவர் சாகும்வரை வெட்கப்பட வேண்டியிருந்தது.

“அப்ப நான்…”

“அந்தச் சொல்லுக்கு அப்புறம் நான் என்ன சொன்னேன்?”

அவர் யோசித்தார். “நீங்க அழுதீங்க.”

“அழுதுக்கிட்டே என்ன சொன்னேன்?”

அவருக்கு ஞாபகம் இல்லை. கோர்ட்டில் எல்லாரும் அழுவார்கள். அழுதுகொண்டே நிறையச் சொல்வார்கள்.

“நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். ஜட்ஜு உங்களப் பாத்து ஏதோ கேட்டாரு. நீங்க என்ன சொன்னீங்க?”

அதுவும் ஞாபகம் இல்லை.

அவள் உள்ளே போய் டிக்‌ஷனரியை எடுத்துவந்தாள்.

“நீங்க பக்கம் தப்பாத் தேடிட்டீங்க ஐயா.”

ரெல் பக்கத்தைத் தாண்டினாள். ரெம் போயிற்று, ரென் போயிற்று. ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். அந்தப் பக்கம் மற்றப் பக்கங்களை விட அழுக்காக இருந்தது. ஓரம் கிழிந்து, சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருந்தது.

“எனக்கு அப்ப ஒரு எழுத்து தெரியாது. ஆனா நீங்க சொன்ன சத்தம் காதுல இருந்துச்சு. ஷீசிரிப், ஷீசிரிப்னு. மிச்சம் பிடிபடல. அதச் சொன்னதும் ஜட்ஜு தலைய ஆட்டிட்டுப் பேனாவ மூடி வச்சிட்டாரு. அதுக்கப்புறம் என்னை யாரும் ஒண்ணும் கேக்கல. அப்படி என்ன சொன்னாரு இந்த ஐயான்னு தெரிஞ்சுக்கணும்னுதான் ஜெயில்ல படிச்சேன். வேற எதுக்கும் இல்ல. ஜெயிலுக்கு வர்ற கன்னியாஸ்திரி மதர் ஒருத்தங்க இந்தப் புத்தகத்தக் குடுத்தாங்க. ரிப்புல ஆரம்பிக்கிறது எங்க இருக்குன்னு கேட்டேன். காட்டிட்டுப் போயிட்டாங்க.”

அவள் விரல் வரிசையில் மேலும் கீழுமாக ஓடியது.

“ரிப்பேர். இதுவா இருக்காதுன்னு விட்டுட்டேன். ரிப்போர்ட். இவ மேல ரிப்போர்ட் இருக்குன்னு சொன்னீங்களோன்னு ஒரு வருஷம் நெனச்சுக்கிட்டிருந்தேன். ரிப்ளை. பதில் சொல்லிட்டான்னு சொல்லியிருப்பீங்க, சரி, அதுல ஒண்ணும் தப்பில்லன்னு தோணுச்சு. அப்புறம் ரிப்பெண்ட். இவ மனசு வருந்துறான்னு அர்த்தம் போட்டிருந்துச்சு. அதாத்தான் இருக்கும், பாவம், எனக்காகச் சொல்லிப் பாத்திருக்காருன்னு நெனச்சேன்.”

நிறுத்தினாள்.

“அந்த மாசம் பூரா உங்க பேர்ல சாமி கும்பிட்டேன். பேரு தெரியாது. கோர்ட்டு ஐயான்னு சொல்லிக் கும்பிட்டேன்.”

சவரிநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நாள் வார்டர் அம்மா ஆள் எண்ணுனாங்க. யாரோ ஒருத்தி நம்பர முணுமுணுன்னு சொன்னா. வார்டர் அம்மா ‘ரிப்பீட்’னு கத்துனாங்க. அந்தச் சத்தம்.”

அவள் விரல் அந்தச் சொல்லில் நின்றது.

“ஷீ இஸ் ரிப்பீட்டிங் ஹர்செல்ஃப், யுவர் ஆனர்,” என்றாள். அவருடைய உச்சரிப்பு அப்படியே இருந்தது. “சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றா.”

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டேமுக்கால். தலைக்கு மேல் மின்விசிறி. சாப்பாட்டுக்கு முன்னால் முடிக்க இன்னும் இரண்டு வழக்குகள். கூண்டில் ஒரு பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். நீதிபதி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அவர் சரியாகக் கேட்டிருக்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“நான் திரும்பச் சொல்லல ஐயா. ஒரு தரம்தான் சொன்னேன்.”

“என்னம்மா சொன்னீங்க?”

*

அவள் சொன்னாள்.

“சின்னவளுக்குக் காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரி ஆத்துக்கு அந்தப் பக்கம். சின்னவ இடது இடுப்புல. பெரியவள வலது கையில புடிச்சிருந்தேன், அவளுக்கு நாலு வயசு. மழையில பாலத்து மரம் வழுக்குது. பாதி வழியில பெரியவ கால் தவறி அந்தப் பக்கம் விழுந்துட்டா. என் கையில தொங்குறா. மரம் உருளுது. ஒரு கைய மரத்துல ஊனலைன்னா மூணு பேரும் போயிருவோம். ரெண்டு கை, ரெண்டு புள்ள. ஒரு கை வேணும். சின்னவ நெருப்பாச் சுட்டா, இவ பொழைக்க மாட்டாளோன்னு அதுக்கு முன்னாடியே நெனச்சிருந்தேன். சின்னவள விட்டுட்டேன்.”

புத்தகத்தை மூடிவிட்டு, “இதான் சொன்னேன்,” என்றாள்.

“கங்காணி பெரியவளப் பாக்கலையா?”

“அவன் எனக்கு இடப்பக்கமாத் தள்ளி நின்னான், அங்கேர்ந்து என் இடது கைதான் தெரியும். பெரியவ என் மறைவுல தொங்குனா. அப்புறம் அவ நனைஞ்சு நின்னா. மழையில எல்லாருந்தான நனைஞ்சிருந்தாங்க.”

கொடியில் கிடந்த விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“நான் எழுதிக் குடுக்கிறேன்,” என்றார் சவரிநாதன். எழுந்து நின்றுவிட்டார். “கோர்ட்டுல நடந்தத நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறேன். எனக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்காங்க. பேப்பர்லயும் போடச் சொல்றேன். என் பேர் போனாப் போகட்டும்.”

“யார் சொல்றது, யார்கிட்ட சொல்றது?” என்றாள்.

“நான் சொல்றேன். எல்லார்கிட்டயும்.”

“எல்லார்லயும் சரசு இருக்கா.”

சரசு என்பது பெரியவளின் பெயர்.

“என்னைய ஜெயிலுக்கு அனுப்புனப்ப அவள கன்னியாஸ்திரி மடத்துல சேத்தாங்க. அங்கேர்ந்து ஒரு குடும்பம் எடுத்துக்கிட்டுப் போச்சு. நல்லா வளத்திருக்காங்க. தமிழ் வராது. பத்தொம்போது வயசுல என்னைய ஒரு தரம் தேடிக்கிட்டு வந்தா. இதோ, நீங்க உக்காந்திருந்த எடத்துலதான் உக்காந்தா. தங்கச்சிய ஏன் விட்டீங்கன்னு இங்கிலீஷ்ல கேட்டா.”

“நீங்க சொன்னீங்களா?”

“எனக்கு அப்ப இங்கிலீஷ் நல்லாத் தெரியும் ஐயா. எல்லாச் சொல்லும் தெரியும். உன்னையப் புடிச்சுக்கத்தான் விட்டேன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது? அவ அதத் தூக்கிக்கிட்டு எங்க போவா?”

“என்ன சொன்னீங்க?”

“தெரியலன்னு சொன்னேன். ஐ டோண்ட் நோ. அவ எந்திரிச்சுப் போயிட்டா. அதுக்கப்புறம் வரல.”

அவர் மெல்ல உட்கார்ந்தார்.

“அன்னைக்கு நீங்க அதச் சொல்லியிருந்தா, அப்ப அவளுக்கு நாலு வயசு,” என்றாள் பூங்காவனம். “அது ஒரு கோர்ட்டுக் காகிதத்துல கிடந்திருக்கும். நானும் வீட்டுல இருந்திருப்பேன். அவ வளந்து படிக்கிறப்ப பக்கத்துல இருந்திருப்பேன். இப்ப சொல்ல எடமில்ல.”

நோட்டு அவர் மடியில் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் மூடினார், திறந்தார்.

“அப்ப நான் என்னதான் செய்யணும்? சொல்லுங்க. என்ன சொன்னாலும் செய்றேன்.”

அவள் இஸ்திரி மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். துணிகளை ஒதுக்கி வைத்தாள்.

“எந்திரிச்சு நில்லுங்க.”

அவர் நின்றார்.

“கோர்ட்டுல நின்ன மாதிரி.”

அவர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். கைகளை முன்னால் சேர்த்துக்கொண்டார்.

“நான் சொல்றேன். நீங்க இங்கிலீஷ்ல சொல்லுங்க. சின்னவளுக்குக் காய்ச்சல்.”

அவர் சொன்னார். மொழிபெயர்ப்பவர், ‘அவள் சொல்கிறாள்’ என்று சொல்லக் கூடாது, ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அது கோர்ட்டு வழக்கம். என் சின்ன மகளுக்குக் காய்ச்சல் என்று இங்கிலீஷில் சொன்னார்.

“பெரியவ கால் தவறி விழுந்துட்டா.”

என் பெரிய மகள் கால் தவறி விழுந்துவிட்டாள் என்றார்.

“ரெண்டு கை, ரெண்டு புள்ள. ஒரு கை வேணும்.”

அதையும் சொன்னார். குரல் கொஞ்சம் உடைந்தது. உச்சரிப்பு உடையவில்லை.

“சின்னவள விட்டுட்டேன்.”

அவர் நின்றுவிட்டார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் கண் முன்னால் வந்து நின்றது. எந்தச் சொல்லையும் எடுக்க முடியவில்லை.

“எந்தச் சொல்லானாலும் பரவால்ல ஐயா,” என்றாள். “நிறுத்தாதீங்க. நான் இன்னும் சொல்லி முடிக்கல.”

அவர் ஒரு சொல்லைச் சொன்னார். அவள் அடுத்த வரியைச் சொன்னாள். அவர் அதையும் சொன்னார். கடைசி வரிவரை சொன்னார். முடித்தபோது அவருடைய வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

இருபத்துமூன்று வருஷத்தில் அந்தக் கதை முதல் தடவையாக இங்கிலீஷில் சொல்லப்பட்டது. கேட்டது அவள் ஒருத்திதான்.

அவள் மேசையின் மேல் கைகளை வைத்துக்கொண்டு, நீதிபதி பார்ப்பது போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு தரம்,” என்றாள்.